நாவலுக்கும் ஒரு வருகைப் பதிவேடு வேண்டும்

எங்கள் வயதுக்காரர்கள் பலரிடம் ஒரு நாவல் இருக்கிறது. பெட்டியிலோ அலமாரியிலோ அல்ல, நெஞ்சில். காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கும் துய்ப்ளெக்ஸ் சிலைக்கும் நடுவே நடக்கும்போது ஒவ்வொருவராக அதை எடுத்து விடுவார்கள். ஒருவர் தாத்தா சைகோனில் உத்தியோகம் பார்த்த கதை. இன்னொருவர் வீட்டில் சொல்தாவாகப் போன பெரியப்பா திரும்பி வந்த கதை. கேட்கக் கேட்க நமக்கு நடை மறந்துவிடும். ‘இதை எழுதுங்களேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ‘எழுதணும் சார், மூடு வரணும்.’

மூடு வரும் என்று காத்திருப்பது வீண் என்பது என் கட்சி. ஊக்கம் முன்னால் வந்து வேலை பின்னால் வருவதில்லை. வேலை முன்னால் போகிறது, ஊக்கம் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுதும் முறை என்பது செருப்பு மாதிரி. அடுத்தவர் செருப்பு எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் நம் காலைக் கடிக்கும். அவரவர் முறையை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 37 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். இப்போது வயது 74. மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறேன், 163-ஆம் பக்கத்தில் நிற்கிறது. முடிக்காதவன் யோசனை சொல்லலாமா என்றால், ஊர் போய்ச் சேர்ந்தவனுக்கு வழியில் இருந்த மேடு பள்ளம் மறந்துவிடும். நடுவழியில் நிற்பவனுக்குத்தான் கால் வலி தெரியும்.

என் நாவல் 1962-ஆம் ஆண்டைப் பற்றியது. புதுச்சேரிப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் நடந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதம், ஒரு கையெழுத்து. அண்ணன் போட்டார், தம்பி போடவில்லை. ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். அப்போது எனக்கு 11 வயது. திண்ணையில் பெரியவர்கள் மாலை முழுக்க இதையே பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. என்ன பேசினார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காக, எழுதத் தொடங்கிய அன்று ஐந்து பேர் பெயரைக் குறித்து வைத்தேன். இன்று அவர்களில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஒருவருக்குக் காது கேட்பதில்லை.

மூடு வரட்டும் என்று ஏன் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா?

ஏன் நாவல், நினைவுக் குறிப்பாக எழுதினால் போதாதா என்று என் மைத்துனர் கேட்டார். நினைவுக் குறிப்பு நானும் எழுதுகிறேன், நீங்களும் படிக்கிறீர்கள். ஆனால் சில விஷயங்களை உண்மைப் பெயரோடு எழுத முடியாது. கையெழுத்துப் போட்டவர் பிள்ளைகளும் போடாதவர் பிள்ளைகளும் இன்னும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு பிரெஞ்சு பென்ஷன் வந்தது, மறு வீட்டுக்கு வரவில்லை. பெயர் போட்டு எழுதினால் சண்டை வரும். நாவலாக எழுதினால் ஒவ்வொருவரும் அது பக்கத்து வீட்டுக் கதை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படிப்பார்கள். உண்மையைச் சொல்ல இப்படி ஒரு வசதியை வேறு எந்த எழுத்தும் தருவதில்லை.

இனி முறைக்கு வருகிறேன். பள்ளியில் எங்களுக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். ஆகவே நான் அறிந்த பெரிய நாவலாசிரியர்கள் முதலில் பிரெஞ்சுக்காரர்கள். அவர்கள் எப்படி எழுதினார்கள் என்று படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒருவரைப் போல் இன்னொருவர் இல்லை.

ஃப்ளோபேர் ‘மதாம் பொவாரி’யை 1851-இல் தொடங்கி 1856-இல்தான் முடித்தார். ஒரே ஒரு நாவலுக்கு நாலரை ஆண்டுகள். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறார். எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் படித்து, காதுக்கு இடறினால் அடித்துவிடுவார். ஸ்தாந்தால் இதற்கு நேர் எதிர். ‘பார்மாவின் ஷார்த்ரூஸ்’ என்ற பெரிய நாவலை 1838 நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு முடித்துவிட்டார். ஏறக்குறைய 52 நாட்கள். அதையும் தாமே எழுதவில்லை, வாயால் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். இரண்டு நாவல்களும் இன்றுவரை நிற்கின்றன. எது சரியான முறை என்று யார் தீர்ப்புச் சொல்வது?

ஸ்தாந்தாலிடம் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. அவரும் அரசு ஊழியர்தான், இத்தாலியில் தூதரக அதிகாரி. அந்த நாவலை எழுதிய நாட்களில் காலையில் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் இரண்டு மூன்று பக்கம் படித்துவிட்டுத்தான் உட்காருவாராம். நடை வழுக்காமல் நேராக இருக்க வேண்டுமாம். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அதே சிவில் சட்டத்தின் கீழ் நம் ஊரில் இன்றும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வறண்ட புத்தகத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

எமில் ஸோலா என்னைப் போன்ற எழுத்தர்களுக்கு ஆசான். 1871 முதல் 1893 வரை ஒரே குடும்பத்தின் கதையாக 20 நாவல்கள் எழுதினார். ஒவ்வொரு நாவலுக்கும் முன்னால் ஒரு பைல் போடுவார். கதைக்கரு ஒரு பக்கம், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வயது, உடல்வாகு, குணம் என்று தனித் தாள், இடங்களைப் பற்றிய குறிப்புகள், அத்தியாயத் திட்டம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாளும் ஒரு வரியாவது எழுதாமல் கழியக் கூடாது என்ற லத்தீன் வாசகத்தைத் தம் வீட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஆங்கிலேயர் ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன். ட்ரோலப் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். காலை ஐந்தரை மணிக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதி, பிறகு அலுவலகம் போவார். எழுப்பிக் காபி கொடுக்கும் வேலைக்காரருக்கு இதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்தார். இப்படி 47 நாவல்கள். இதையெல்லாம் அவரே தன் வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார். அது வெளிவந்தபோது, இதென்ன கலையா குமாஸ்தா வேலையா என்று பலர் முகம் சுளித்தார்கள். குமாஸ்தா வேலையில் என்ன இழிவு இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நம் ஊரிலேயே இதற்கெல்லாம் முன்னோடி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் நாட்குறிப்பைத் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் எழுதினார். வியாபாரம், துபாஷ் உத்தியோகம், கவர்னர் வீட்டுப் பேச்சு, போர், நோய் எல்லாவற்றுக்கும் நடுவே எழுதினார். அவர் மூடு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், பின்னாளில் பிரபஞ்சனுக்கு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ எழுதக் கச்சாப் பொருள் கிடைத்திருக்குமா? இலாசுப்பேட்டையில் நம்மோடு வாழ்ந்த கி.ரா. தொண்ணூறைத் தாண்டியும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இத்தனை பேரையும் பார்த்துவிட்டு எனக்கென்று ஒரு முறையைத் தைத்துக்கொண்டேன். அது உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. தைப்பது எப்படி என்று காட்டத்தான் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். காலை ஐந்து முதல் ஆறரை வரை. பேப்பர் வருவதற்கு முன், போன் அடிப்பதற்கு முன். பழைய அலுவலகப் பழக்கப்படி ஒரு நோட்டில் வருகைப் பதிவேடு வைத்திருக்கிறேன். தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், கையொப்பம். எத்தனை சொல் எழுதினேன் என்று குறிப்பதில்லை. சொல்லை எண்ணினால் குறைந்த அன்று மனம் சோர்ந்துவிடும். வந்தேனா இல்லையா என்பது மட்டும்தான் கணக்கு. அலுவலகத்தில் எத்தனையோ நாள் வேலை ஓடாமல் இருந்திருக்கிறது. அதற்காக வராமலா இருந்தோம்?

இரண்டாவது, புரூய்யோன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சொல் மறக்காது. எந்தக் கட்டுரையையும் முதலில் ஒரு கரடு நோட்டில் கிறுக்க வேண்டும், அதுதான் புரூய்யோன். பிறகுதான் நல்ல கயேயில் சுத்தப் பிரதி. புரூய்யோனில் மை சிந்தலாம், அடிக்கலாம், வாத்தியார் பார்க்க மாட்டார். நாவலுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எழுதுவதும் திருத்துவதும் இரண்டு வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் இரண்டுமே நடக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை புரூய்யோன். சனிக்கிழமை திருத்தம். ஞாயிறு விடுமுறை. திங்களன்று எழுதியது மோசமாக இருந்தால் சனிக்கிழமைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவேன். அந்த இரண்டு பேரும் நானே என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, பைல். என் நாவலில் 14 பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். பிறந்த ஆண்டு, 1962-இல் வயது, எந்தத் தெரு, யாரோடு பேச்சு இல்லை. எல்லாத் தாளையும் துளை போட்டு டேக் கட்டி வைத்திருக்கிறேன். ஞாபக சக்தி இளைஞர்களின் சொத்து, பைல் நம்முடைய சொத்து. எழுபதுக்கு மேல் நாவல் எழுதுபவர் ஞாபகத்தை நம்பிப் போனால், இரண்டாம் அத்தியாயத்தில் இறந்த பாட்டி ஏழாம் அத்தியாயத்தில் வெற்றிலை இடிப்பார்.

நான்காவது, காது. ஃப்ளோபேர் கத்தினார், எனக்குக் கத்தும் தெம்பு இல்லை. சனிக்கிழமை திருத்திய பக்கத்தை மாலையில் என் மனைவி கீரை ஆயும்போது படித்துக் காட்டுவேன். பிரெஞ்சில் படித்ததால் என் தமிழ் வாக்கியம் சில சமயம் முன்பின்னாகப் போகும், படித்தால் உடனே தெரிந்துவிடும். என் மனைவி விமரிசனம் எதுவும் சொல்வதில்லை. கீரை ஆயும் கை நின்றால் பக்கம் நன்றாக இருக்கிறது, நிற்காவிட்டால் இன்னொரு முறை திருத்த வேண்டும். இந்த ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் கதையைச் சொல்வதில்லை. பூங்காவில் பத்துப் பேரிடம் சொல்லி முடித்த கதையை மறுநாள் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. சொன்ன திருப்தியே போதும் என்று மனம் ஓய்ந்துவிடும். கடற்கரையில் தினமும் நாவலைச் சொல்லிக்கொண்டே இருக்கிற நண்பர்கள் ஏன் எழுதவில்லை என்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது, வறண்ட நாள். அது வராமல் இருக்காது. நாவலின் தொடக்கத்தில் ஆசை இழுக்கும், முடிவில் கரை தெரியும். நடுவில் இரண்டும் இல்லை. எனக்கு எண்பதாம் பக்கத்திலிருந்து இந்தத் தொல்லை. அப்படிப்பட்ட நாளில் முந்தைய நாள் எழுதிய பக்கத்தை அப்படியே கையால் மறுபடி எழுதுவேன். பாதிப் பக்கம் போவதற்குள் பேனா சூடேறிவிடும். அதுவும் நடக்கவில்லை என்றால் ஒரே ஒரு தகவலைத் தேடிப் போவேன். உதாரணமாக, நம் ஊரில் கப்பல் கரைக்கு வராது, தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும், பயணிகள் படகில்தான் வருவார்கள். அப்படி வந்து இறங்கியபோது பெட்டியை யார் பிடித்தார்கள், படகுக்காரர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? மீதியிருக்கும் இரண்டு பெரியவர்களில் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒன்று கேட்டால் ஒன்பது சொன்னார். அந்த ஒன்பதில் நான்கு பக்கம் வந்தது. ஊக்கம் என்பது மனத்துக்குள் சுரப்பது என்று நினைக்கிறோம். பல நாள் அது அடுத்த தெருவில், ஒரு பெரியவரின் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கிறது.

மறுப்புகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

‘விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, இனி எங்கே?’ என்பார்கள். விக்டர் ஹ்யூகோ, நாம் ‘ஏழை படும் பாடு’ என்று அறிந்த நாவலை 1845-இல் தொடங்கினார். 1848-இல் புரட்சி வந்தது, கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் போயிற்று. 1860-இல், நாடு கடந்து தீவில் இருந்தபோது, மறுபடி எடுத்தார். 1862-இல் வெளிவந்தபோது அவருக்கு 60 வயது. சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார், 1950-இல் படமாகவும் வந்தது, சீதாராமன் அதில் ஜாவராக நடித்துக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆனார். ஆகவே விட்டுப்போன நாவல் செத்துப்போன நாவல் அல்ல, நிலுவையில் உள்ள பைல். ஒன்று மட்டும் உண்மை. ஹ்யூகோவுக்கு இடைவெளி விடப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. நமக்கு இல்லை.

‘கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை’ என்பார்கள். ஸ்தாந்தால் சொல்லித்தானே எழுதுவித்தார்? பேத்தியிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியிடம் தமிழில் பேசுங்கள், அது எழுதிக்கொள்ளும். பிழை இருக்கும்தான். அலுவலகத்தில் டைப்பிஸ்ட் செய்த பிழைகளைத் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் நாம், இது ஒரு பெரிய காரியமா?

‘இந்த வயதில் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?’ இதுதான் கடினமான கேள்வி. மழுப்ப விரும்பவில்லை, நிறையப் பேர் படிக்க மாட்டார்கள். என் பிள்ளைகளில் ஒருவர் பிரான்சில் இருக்கிறார், பேரன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. பரிசு வரும், பெயர் வரும் என்ற எண்ணத்தில் எழுதினால் இந்த வயதில் ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடிக்க முடியாது. ஆனால் எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். 1962-இல் ஒரு கையெழுத்துக்காக ஒரு வீட்டில் இரவு முழுக்க விளக்கு எரிந்தது என்பதை, அரசு ஆவணத்தில் எத்தனை தேடினாலும் காண முடியாது. ஆவணத்தில் கையெழுத்து இருக்கும். விளக்கு இருக்காது. 37 ஆண்டுகள் ஆவணங்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

நம் ஊர் பொது நூலகம் 1827-இல் தொடங்கியது. அதற்கு ரொமேன் ரோலான் பெயர் வைத்திருக்கிறோம். அவர் ‘ழான் கிறிஸ்தோஃப்’ நாவலைப் பத்துத் தொகுதிகளாக 1904 முதல் 1912 வரை வெளியிட்டார். பத்துத் தொகுதி யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு 250 நாள், நாளுக்கு ஒரு பக்கம் என்றால் ஒரே ஆண்டில் ஒரு நாவல் கைக்கு வந்துவிடும். அரைப் பக்கம் என்றால் இரண்டு ஆண்டு. அதற்கு ஞானம் எதுவும் வேண்டாம், பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

ஆகவே மூடு வரட்டும் என்று சொல்லாதீர்கள். இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். காலையோ இரவோ, மாடியோ சமையற்கட்டோ, பேனாவோ கைப்பேசியோ, பத்து நாள் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எது கடிக்கவில்லையோ அது உங்கள் செருப்பு. நோட்டின் முதல் பக்கத்தில் நாளைய தேதியைப் போட்டு, உட்கார்ந்த நேரத்தைக் குறித்து, கையொப்பம் இடுங்கள். அதற்கு மேல் அன்று ஒரு வரியும் வராவிட்டாலும் பரவாயில்லை. மறுநாளும் வந்துவிடுங்கள்.